வட்டக்களரியும் படச்சட்ட மேடையும்: கலையை எதைக்கொண்டு மதிப்பிடுவது?

(மட்டக்களப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கூத்தைப் பார்த்துவிட்டு ‘நல்ல கூத்து’ என்கிறோம். ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டு ‘சரியில்லை’ என்கிறோம். இப்படிச் சொல்லும்போது நம் கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. பெரும்பாலும் அது நம் கண்ணுக்கே தெரிவதில்லை. அந்த அளவுகோலை வெளியே எடுத்து வைத்துப் பார்ப்பதுதான் இன்றைய உரையின் நோக்கம். அழகியல் என்ற மெய்யியல் துறை கிரேக்கத்திலும் காஷ்மீரத்திலும் ஜெர்மனியிலும் இதைத்தான் செய்துவந்தது. நாம் அதை மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஆடப்படும் கூத்தை முன்வைத்துச் செய்வோம். கலையை மதிப்பிடுவது பற்றி இந்த வாவிக்கரையில் நடந்திருக்கும் விவாதம் உலகின் எந்த விவாதத்துக்கும் குறைந்ததன்று என்பது என் உறுதியான எண்ணம்.

அறுபதுகளில் நடந்தது

1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். ‘நாடகம’ எனப்படும் பழைய சிங்கள ஆட்டமரபின் பாட்டையும் ஆட்டத்தையும் எடுத்து நவீன மேடைக்குரிய ஒரு நாடகத்தை அவர் ஆக்கினார். சிங்கள அரங்கின் வரலாறு அன்று திரும்பியது. சரச்சந்திர பணியாற்றிய அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், தமிழருக்கும் அத்தகைய ஒரு தேசிய நாடக வடிவம் வேண்டும் என்று எண்ணினார். அவருடைய பார்வை மட்டக்களப்புக் கூத்தின்மேல் விழுந்தது. ஊர்களில் கூத்துகளைத் தேடினார். ஏட்டில் கிடந்தவற்றை அச்சிடச் செய்தார். 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் அந்த மாணவர்களுக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கினார். அதன்பின் நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று அந்த வரிசை தொடர்ந்தது. இராவணேசனில் இராவணனாக ஆடியவர் நம் மண்ணின் மகன் சி. மௌனகுரு. அன்று அவர் பேராதனை மாணவர்.

இந்த மேடையேற்றங்களில் என்ன மாறியது? விடிய விடிய ஆடும் கூத்து ஓரிரு மணி நேரத்துக்குள் அடங்கியது. சுற்றிலும் சனம் இருந்து பார்க்கும் வட்டக்களரி போய், ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடை வந்தது. களரியின் நடுவில் மத்தளத்துடன் நின்ற அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்குப் போனார். திரும்பத் திரும்பப் பாடும் தருக்கள் குறைந்தன. பாத்திரங்களின் உள்ளப் போராட்டம் முன்னுக்கு வந்தது. இராவணன் ஒரு துன்பியல் நாயகனாகவே நிமிர்ந்தான். படித்த நகரத்தார் முதன்முறையாகக் கூத்தை ஒரு கலையென்று ஏற்று, இருக்கையில் அமர்ந்து பார்த்தார்கள்.

2000களின் தொடக்கத்தில் இதற்கு நேர்மாறான ஒரு பாதை சீலாமுனையில் திறந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கர், ஊர்மக்களோடும் அண்ணாவிமாரோடும் சேர்ந்து ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற செயற்பாட்டைத் தொடங்கினார். கூத்தை ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போகாமல், ஊருக்குள்ளே, களரிக்குள்ளே, ஆடுபவர்களின் கலந்துரையாடலுக்குள்ளே வைத்து மாற்ற வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. பேராதனை மரபு கூத்தை ஒரு மூலப்பொருளாகப் பார்த்தது என்பதும், அந்தப் பார்வையில் காலனியக் கல்வியின் நிழல் விழுந்திருந்தது என்பதும் அந்த நிலைப்பாட்டின் உட்பொருள்.

இரண்டு பக்கத்திலும் கூத்தின்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பின் ஏன் இந்த வேறுபாடு? அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல்கள் வேறு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வடிவத்தைப் பார்ப்போர்

முதலாவது அளவுகோல் படைப்பின் கட்டமைப்பு. அரிஸ்ரோட்டில் தம் கவிதையியலில் துன்பியல் நாடகத்தின் உயிர் கதைப்பின்னலே என்றார். தொடக்கம், நடு, முடிவு என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறக்க வேண்டும். எடுத்தால் குறையாத பகுதி அந்த முழுமையின் உறுப்பே அன்று. காட்சி அலங்காரத்துக்கு அவர் கொடுத்த இடம் மிகக் கீழானது.

இந்தக் கோலால் அளந்தால் ஊர்க்கூத்து தோற்றுப்போகும். ஓர் அரசன் களரிக்கு வந்தால் கட்டியகாரன் முன்னால் வந்து கூற வேண்டும். அரசன் வரவு ஆட வேண்டும். வரவு விருத்தம் பாட வேண்டும். களரியைச் சுற்றி ஆட வேண்டும். கதை அங்குலம்கூட நகராமல் நேரம் போகும். அறுபதுகளின் சுருக்கம் இந்த இடத்தில்தான் கத்தரியை வைத்தது. சுருக்கியவர்கள் அரிஸ்ரோட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுருக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நாடகம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று படிந்துபோன எண்ணத்தின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

வடிவம் பேசிய எல்லோரும் கதையைப் பேசவில்லை. 1914இல் ‘கலை’ என்ற நூலை எழுதிய ஆங்கிலேய விமர்சகர் கிளைவ் பெல், ஓவியத்தில் கதையும் உருவ ஒற்றுமையும் பொருட்டல்ல, கோடும் நிறமும் ஒன்றோடொன்று பொருந்தி எழுப்பும் வடிவமே கலை என்றார். இந்தக் கண்ணோடு களரிக்கு வருபவருக்கு, கூத்தின் இரு மரபுகளில் வடமோடி ஆட்டத்தின் மிடுக்கும், தென்மோடியின் நுணுக்கமான கால்வரிசையும், மத்தளமும் சல்லரியும் சதங்கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகும் ஓட்டமும் போதும். தமிழ் தெரியாத ஒருவர்கூட இதைச் சுவைக்கலாம். ஆனால் களத்தில் அபிமன்யு விழும்போது அழும் தாய்மார் வடிவத்துக்காக அழுவதில்லை. அவர்களுடைய கண்ணீரைக் கணக்கில் எடுக்காத மதிப்பீடு கூத்தின் பாதியை வெளியே விட்டுவிடுகிறது.

உணர்வைப் பார்ப்போர்

அந்தக் கண்ணீரிலிருந்து தொடங்கும் மரபு நம்முடையது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே வகுத்து, உள்ளத்தில் எழுந்து உடலில் வெளிப்படும் உணர்வை எட்டாக வகைப்படுத்தியது. பரதரின் நாட்டியசாத்திரமும் எட்டுச் சுவைகளைப் பேசுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர் இந்தச் சிந்தனையை வெகுதூரம் கொண்டுபோனார். மேடையில் காணும் சோகம் ஆடுபவருடையதும் அன்று, பார்ப்பவருடைய சொந்தச் சோகமும் அன்று. இன்னாருடையது என்ற கட்டு அவிழ்ந்து பொதுவாகிவிட்ட சோகம் அது. அதனால்தான் அது சுவையாகிறது. அதைப் பெறுவதற்குப் பார்ப்பவரின் உள்ளமும் பக்குவப்பட்டிருக்க வேண்டும் என்றார்.

நம் சுவாமி விபுலாநந்தர் இந்த மரபுக்கும் மேலைமரபுக்கும் நடுவில் நின்று சிந்தித்தவர். 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் சேக்சுபியரின் நாடகங்களை வடமொழி நாடக இலக்கணத்தோடும் தமிழ் மரபோடும் சேர்த்து வைத்து ஆராய்ந்தார். காரைதீவில் பிறந்த ஒருவர், எந்த நாட்டுக் கலையையும் நம் அளவைகளைக்கொண்டு பார்க்கலாம் என்று காட்டியது நமக்கு இன்னும் முழுமையாக விளங்காத துணிவு.

உணர்வை அளவுகோலாக்கிய இன்னொருவர் ரோல்ஸ்ரோய். ‘கலை என்றால் என்ன?’ என்ற நூலில் அவர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். சோர்ந்த மனத்தோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அவருடைய மகளின் திருமணத்தை ஒட்டிக் குடியானவப் பெண்கள் கூட்டமாய்ப் பாடி, அரிவாளைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டு அவருடைய மனம் தெளிந்து எழுந்தது. அன்று மாலை வீட்டில் தேர்ந்த கலைஞர் ஒருவர் பீத்தோவனின் பியானோ இசையை வாசித்தார். அது அவரைத் தொடவில்லை. தாம் உணர்ந்ததைப் பிறருக்குத் தொற்றவைப்பதே கலை; அந்தப் பெண்களின் பாட்டே மெய்யான கலை என்று தீர்ப்பளித்தார்.

ஊர்க்கூத்துக்காரருக்கு ரோல்ஸ்ரோயைப் போல் ஒரு வக்கீல் கிடைப்பது அரிது. ஆனாலும் அவருடைய தீர்ப்பை அப்படியே ஏற்க எனக்குத் துணிவில்லை. அந்தப் பாட்டுக்குப் பழகியிருந்த செவி அந்த இசைக்குப் பழகியிருக்கவில்லை என்றால், தொற்றாமல் போனது யாருடைய குறை? இதே கேள்வியைக் கூத்தின் பக்கமும் திருப்பலாம். கொழும்பிலிருந்து வந்து வரவு முடியுமுன்பே எழுந்துபோகிறவருக்குக் கூத்து தொற்றவில்லை. அதைக்கொண்டு கூத்தைக் குறை சொல்லலாமா? உணர்வு வேண்டும். ஆனால் யாருடைய உணர்வு என்று கேட்காமல் அதை அளவுகோலாக்க முடியாது.

யார் நடுவர்?

இந்தக் கேள்விக்கு 1757இல் டேவிட் ஹியூம் விடை தேடினார். சுவை ஆளுக்காள் வேறுபடும். ஆனாலும் எல்லாருடைய தீர்ப்பும் ஒரே தரம் அன்று என்றார் அவர். நுண்ணிய உணர்வு, நீண்ட பழக்கம், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம், தெளிந்த அறிவு, முற்சாய்வு இல்லாத மனம் ஆகியவை உள்ளவரே நடுவர். இதை விளக்க டொன் கிஹோட்டே நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பா மதுவைச் சுவைத்த இருவரில் ஒருவர் தோல்வாடை அடிக்கிறது என்றார். மற்றவர் இரும்புச் சுவை இருக்கிறது என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பீப்பா வெறுமையானபோது அதன் அடியில் தோல்வார் கட்டிய பழைய திறப்பு ஒன்று கிடந்தது.

அத்தகைய நடுவர்களை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. நம் ஊர்களில் இருக்கிறார்கள். கூத்துப் பழகும் முறையை நினைத்துப் பாருங்கள். பாத்திரங்களைப் பகிர்ந்து சட்டங் கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணிந்து, இறுதி ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அதன்பிறகுதான் அரங்கேற்றம். அடுக்குப் பார்க்கும் இரவில் முந்திய தலைமுறையில் அதே கூத்தை ஆடியவர்கள் வந்து இருக்கிறார்கள். தாளம் எங்கே தட்டுகிறது, தரு எங்கே இழுபடுகிறது, எந்தப் பிள்ளைக்குக் குரல் எட்டவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். நூல் எழுதாத விமர்சகர்கள் இவர்கள். ஹியூம் கேட்ட பழக்கமும் ஒப்பீடும் இவர்களிடம் நிறைந்திருக்கின்றன. முற்சாய்வு இல்லாமை மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இமானுவல் கான்ட் 1790இல் வேறொரு நிபந்தனையை வைத்தார். அழகென்று தீர்ப்பளிப்பவர் அந்தப் பொருளிடம் எந்தப் பயனையும் எதிர்பார்த்திருக்கக் கூடாது. அவர் வேறோரிடத்தில் தரும் ஓர் எடுத்துக்காட்டு மட்டக்களப்பாருக்கு மற்றெவரையும்விட நன்றாக விளங்கும். விருந்தினரை நைட்டிங்கேல் பறவையின் பாட்டைக் கேட்கச் செய்ய விரும்பிய ஒரு விடுதிக்காரன், வாயில் நாணற் குழலை வைத்து அப்படியே ஒலிக்கத் தெரிந்த ஒரு பையனைப் புதருக்குள் ஒளித்துவைத்தான். உண்மை தெரிந்ததும் அந்த இனிய ஒலியை யாரும் கேட்க விரும்பவில்லை. ஒலி மாறவில்லை, அது எங்கிருந்து வருகிறது என்ற அறிவு மாறியது.

பூரணை இரவில் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்து மீன்பாட்டைக் கேட்பவர்களுக்கு இது தெரியும். அதே ஒலியை ஒரு கருவியில் எழுப்பி நீருக்கடியில் வைத்தால் நாம் தோணி எடுத்துக்கொண்டு போவோமா? போகமாட்டோம். ஆகவே நாம் மதிப்பிடுவது காதில் விழும் ஒலியை மட்டும் அன்று. அது எதுவாக இருக்கிறது என்று நாம் அறிந்திருப்பதும் அந்த மதிப்பீட்டுக்குள் இருக்கிறது.

ஆனால் பயன் எதிர்பாராத பார்வை என்ற நிபந்தனை களரியைச் சுற்றி நிற்பதில்லை. மகன் தருமனாக வரும்போது தாய் பற்றற்று இருக்கமாட்டாள். உறவினர் மாலையிடுகிறார்கள், அன்பளிப்புக் கொடுக்கிறார்கள், ஆட்டம் அதற்காக நின்று தொடர்கிறது. மேடை நாடகத்தில் இது இடையூறு. களரியில் இது கூத்தின் ஓர் உறுப்பு.

சமூகத்தைப் பார்ப்போர்

ஈழத்தில் கலைத் திறனாய்வை மிக அதிகமாக ஆண்டது மார்க்சியப் பார்வை. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் இலக்கியத்தை அது பிறந்த சமூக உறவுகளோடு சேர்த்துப் படிக்கக் கற்பித்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், சாதாரண மக்களின் பேச்சை இலக்கியத்தில் எழுதுவதை இழிசனர் வழக்கு என்று மரபுவாதிகள் சிலர் தள்ளியபோது, அந்தப் பேச்சுக்கும் அதைப் பேசியவர்களுக்கும் இலக்கியத்தில் இடம் உண்டு என்று வாதாடியது முற்போக்கு அணி. மொழியின் தூய்மை என்ற அழகியல் அளவுகோலுக்குள் சாதி ஒளிந்திருந்ததை அந்த விவாதம் வெளியே கொண்டுவந்தது. அந்தக் கடனை நாம் மறக்கக் கூடாது.

அரங்கிலும் அது நடந்தது. 1969இல் மௌனகுரு எழுதிய ‘சங்காரம்’ வடமோடியின் ஆட்டத்தையும் பாட்டையும் வைத்துக்கொண்டு அரசர் கதையை விட்டு, உழைப்பாளரின் போராட்டத்தைக் களத்துக்குக் கொண்டுவந்தது. தீண்டாமைக்கெதிரான போராட்டம் வடக்கில் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது.

இந்தப் பார்வையின் எல்லையும் இங்கேயே விவாதிக்கப்பட்டது. மட்டக்களப்பில் நெடுங்காலம் வாழ்ந்து கற்பித்த எஸ். பொன்னுத்துரை முற்போக்கு அணியிலிருந்து பிரிந்து நற்போக்கு என்ற தனி நிலைப்பாட்டை முன்வைத்தார். மு. தளையசிங்கம் வர்க்கத்துக்கு அப்பாலான மெய்யியல் தேடலை இலக்கியத்தின் உயிராக வைத்தார். கல்முனை மண்ணின் எம்.ஏ. நுஃமான் மார்க்சியத்துக்குள் நின்றுகொண்டே, ‘மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்’ என்ற நூலில் சூத்திரப் பாங்கான மதிப்பீட்டை மறுத்தார். மார்க்ஸுக்கே இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. கிரேக்கக் காவியம் எந்தச் சமூகத்திலிருந்து பிறந்தது என்று விளக்குவது கடினமன்று. அந்தச் சமூகம் அழிந்த பிறகும் அது ஏன் நமக்கு இன்பம் தருகிறது என்பதே கடினமான கேள்வி என்று 1857இல் அவர் எழுதிய குறிப்பு சொல்கிறது. மன்னராட்சி மறைந்த நாட்டில், உழவனும் மீனவனும் கரப்புடுப்புக் கட்டி அரசனாய் ஆடுவதை மக்கள் ஏன் விடிய விடிய இருந்து பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு நிலவுடைமை என்ற ஒற்றைச் சொல் விடையாகாது.

பயன்பாட்டைப் பார்ப்போர்

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். கண்டி நாட்டுக் கைவினைஞரின் வாழ்வையும் தொழிலையும் சேர்த்து எழுதிய நூல் அது. பின்னர் அமெரிக்காவில் அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோதும் அவர் ஒன்றையே வற்புறுத்தினார்: கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் வைத்துப் பார்க்கும் பொருள்களில் பெரும்பாலானவை பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வணங்கவும், உடுக்கவும், உண்ணவும் செய்யப்பட்டவை. அந்தப் பயனை அறியாமல் அவற்றின் அழகைப் பேசுவது அரைகுறைப் பேச்சு.

கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிக் குளிர்த்திச் சடங்கின்போது பாடப்படுவதை ஓர் இசைக் கச்சேரியாக மதிப்பிடப் புகுந்தால் என்ன ஆகும்? கொம்புமுறிச் சடங்கை ஒரு விளையாட்டுப் போட்டியாக மட்டும் பார்த்தால் என்ன மிஞ்சும்? கூத்தும் அப்படித்தான். ஓர் ஊர் ஒரு கூத்தைப் பழகத் தொடங்கினால், மாதக்கணக்கில் அந்த ஊரின் இரவுகள் மாறுகின்றன. பிணங்கியவர்கள் ஒரே களரியில் நிற்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் முதியவர்களிடம் வந்து கற்க வேண்டியிருக்கிறது. போர் பல ஊர்களின் இரவுகளைப் பறித்திருந்த காலத்துக்குப் பிறகு, இரவில் ஓர் ஊர் ஒன்றாகக் கூடி இருப்பதே பெரும்பேறாக இருந்தது. சீலாமுனை முயற்சியின் அழகியல் இதுதான் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். அரங்கேற்ற இரவில் நாம் காண்பது முடிவு மட்டும். கலை அந்த மாதங்கள் முழுவதிலும் நடந்திருக்கிறது.

எந்த வகை என்று அறிதல்

இத்தனை அளவுகோல்களையும் அடுக்கிவிட்டு, எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு என்று முடித்துவிட்டுப் போகலாம். அப்படிப் போனால் நான் உங்களுக்கு ஒன்றும் சொன்னவன் ஆகமாட்டேன். என் முடிவைச் சொல்கிறேன்.

1970இல் அமெரிக்க மெய்யியலாளர் கென்டல் வால்டன், கலையின் வகைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பொருளை எந்த வகைக்குள் வைத்துப் பார்க்கிறோமோ அதற்கேற்பவே அதன் குணங்கள் நமக்குத் தோன்றும் என்பது அவர் வாதம். சலவைக்கல்லில் செய்த மார்பளவுச் சிலையைப் பார்த்து, இந்த மனிதருக்குக் கையும் காலும் இல்லையே, உடம்பு முழுக்க வெள்ளையாய் இருக்கிறதே என்று எவரும் சொல்வதில்லை. மார்பளவில் நிற்பது அந்த வகையின் இயல்பு. அது குறையாகவும் தெரியாது, கண்ணிலேயே படாது. சிலை என்ற வகையை அறியாதவருக்குத்தான் அது கோரமாகத் தெரியும்.

நம் விவாதத்தின் முடிச்சு இங்கே அவிழ்கிறது. சுற்றிலும் சனம் இருக்கும் களரியில் நான்கு பக்கமும் முகம் காட்டி ஆட வேண்டும். ஒரு தருவைப் பலமுறை பாட வேண்டும். பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாட வேண்டும். இது களரிக்கூத்து என்ற வகையின் இயல்பு. மேடை நாடகம் என்ற வகைக்குள் வைத்துப் பார்த்தவருக்கு அதுவே தேவையற்ற நீட்சியாகத் தெரிந்தது. கூத்து அப்படியேதான் இருந்தது. பார்வையின் வகை மாறியதால் அதில் குறை முளைத்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. இராவணேசன் ஒரு சிறந்த மேடை நாடகம். கூத்திலிருந்து பிறந்த ஒரு புதிய வகை. அதை அந்த வகைக்குள் வைத்துப் போற்ற வேண்டும். ஊர்க்கூத்தின் குறைநீக்கிய திருத்திய பதிப்பாக அதைச் சொல்வதற்கு நியாயம் இல்லை. வித்தியானந்தன் செய்த ஆக்கம் பெரிது. அந்த ஆக்கத்தைச் சூழ்ந்து எழுந்த, ஊரில் ஆடப்படுவது செம்மையற்றது என்ற எண்ணமே பிழை. மறுபக்கத்தில், பேராதனைக் கூத்தை ஊருக்குச் செய்த துரோகம் போலப் பேசுவதும் அதே பிழையைத் திருப்பிப் போட்டதுதான். அது களரிக்குரிய அளவுகோலால் மேடையை அளக்கிறது.

இதே பிழையைத் தமிழ்மொழித்தினப் போட்டிகளிலும் காண்கிறேன். சில நிமிடங்களுக்குள் சுருக்கிய கூத்துக்கு நடுவர்கள் புள்ளி இடுகிறார்கள். அது தவிர்க்க முடியாதது. ஆனால் அந்தப் புள்ளி, போட்டிக்காக ஆக்கிய ஒரு குறும்படைப்புக்குத்தான். அதைப் பெற்ற பிள்ளையும் பெறாத பிள்ளையும் அது கூத்துக்கே இட்ட புள்ளி என்று எண்ணிவிடக் கூடாது. இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஆசிரியரின் கடமை.

வகைக்குள் ஒளியும் அநீதி

இதை இங்கே நிறுத்தினால் ஓர் ஆபத்து உண்டு. வகையின் இயல்பு கண்ணில் படாது என்று சொன்னேன். கண்ணில் படாதவற்றுள் அநீதியும் ஒளிந்துகொள்ளும். பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடுவது மரபான களரியின் இயல்பாக இருந்தது. எந்தக் குடியில் பிறந்தவருக்கு எந்த வேடம் என்ற வழக்கும் சில ஊர்களில் இயல்பாகத் தெரிந்தது. இவற்றைக் கூத்தின் வகைக்குரிய இயல்பு என்று விட்டுவிடலாமா?

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். பறைமேளக்கூத்தின் தாள நுட்பம் எந்தத் தாளக் கருவியின் நுட்பத்துக்கும் தாழ்ந்ததன்று. ஆனாலும் நெடுங்காலம் அது கலை என்று எண்ணப்படாமலே இருந்தது. அந்த மதிப்பீட்டைச் செய்தது செவியன்று, சாதி. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் எழுதிய நூலில், ரசனை என்று நாம் சொல்வது சமூகப் படிநிலையைக் காக்கும் வேலியாகவும் இருக்கிறது என்று காட்டினார். அதைப் படிக்க நாம் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. சாதி இழிவுக்கு அஞ்சிப் பறையைக் கைவிட்ட இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஹியூம் கேட்ட நிபந்தனைகளில் முற்சாய்வு இல்லாமையைப் பிறகு பேசுவோம் என்றேன். அது இதுதான். ஊரின் மூத்த ரசிகருக்கு எல்லாத் தகுதியும் இருக்கலாம். இந்த ஒன்று இல்லாவிட்டால் அவருடைய தீர்ப்பு பாதித் தீர்ப்பு. மீளுருவாக்கத்தின் பெரிய பேறு, கூத்துப் பனுவலில் பெண் எப்படிப் பேசப்படுகிறாள், சாதி எப்படிப் பேசப்படுகிறது என்ற கேள்விகளை ஆடுபவர்களுக்கு நடுவிலேயே வைத்தது. அறிஞர் ஒருவர் வெளியிலிருந்து திருத்திக் கொடுப்பதைவிட, ஆடுகிறவர் தாமே ஒரு தருவை மாற்றிப் பாட முடிவெடுப்பது ஆழமான விமர்சனம்.

எனவே மதிப்பீட்டுக்கு வருகிறவர் மூன்று கேள்விகளை இந்த ஒழுங்கில் கேட்க வேண்டும். இது எந்த வகை, யாருக்காக, எங்கே ஆடப்படுகிறது? அந்த வகைக்குள் இது நன்றாக அமைந்திருக்கிறதா? அந்த வகை தன்னை ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் நீதி செய்கிறதா? முதற் கேள்வியைக் கேட்காமல் இரண்டாவதற்குப் போனால் அறியாமையில் தீர்ப்பளிப்போம். இரண்டாவதோடு நின்றால் அநீதிக்கு அழகென்று பெயர் வைப்போம். மூன்றாவதை மட்டும் கேட்டால் கலை இருந்த இடத்தில் கொள்கைப் பிரசாரம் மட்டும் எஞ்சும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மாணவர்களே, பரீட்சைக்காக நீங்கள் அரிஸ்ரோட்டிலையும் பரதரையும் படிக்கிறீர்கள். நன்றாகப் படியுங்கள். ஆனால் கூத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன், ஒரு முழு இரவுக் கூத்தை மாலையிலிருந்து விடியும்வரை இருந்து பாருங்கள். முடிந்தால் அதற்கு முன் அடுக்குப் பார்க்கும் இரவுக்கும் போங்கள். அங்கே அண்ணாவியார் பிள்ளைகளைத் திருத்தும்போது சொல்லும் சொற்களைக் குறித்துவையுங்கள். எது ஆட்டம், எது வெறும் துள்ளல் என்று அவர் பிரித்துச் சொல்லும் இடம்தான் நம் அழகியல். அது இன்னும் நூலாகவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள்.

விமர்சனம் எழுதும்போது, எந்த அளவுகோலால் அளக்கிறீர்கள் என்பதை முதற் பந்தியிலேயே சொல்லிவிடுங்கள். அப்போது உங்களோடு மாறுபடுகிறவரும் உங்களோடு பேச முடியும். இந்த மண்ணில் கலை பற்றிய பல சண்டைகள் அளவுகோலைச் சொல்லாமல் அளந்ததால் வந்தவை.

அண்ணாவிமாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாங்கள் எழுதுவதை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிழையென்றால் பிழையென்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கூத்தை மதிப்பிடும் அவையில் உங்களுக்குரிய இருக்கை முன்வரிசையில் இருக்கிறது. அதில் வந்து அமருங்கள்.